மணி அடித்தால் வேலை – 12: நட்சத்திரக் குறியும் மாசி மகமும்

மழைக்காலத்தில் எந்த நாளிதழைப் பிரித்தாலும் அந்த வரி இருக்கும். இன்று காலை 8.30 மணி வரையிலான 24 மணி நேரத்தில் என்று தொடங்கி, இன்ன ஊரில் இத்தனை சென்டிமீட்டர் என்று முடியும். அது ஏன் எட்டரை? எட்டாகவோ ஒன்பதாகவோ இருந்தால் என்ன? சின்ன வயதில் எனக்கு இது பெரிய புதிர். ஆபீஸ் திறக்கும் முன்பே யாரோ ஒருவர் அவசரமாக வந்து மழைமானியைக் கவிழ்த்து அளந்துவிட்டு, வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடுகிறார் என்று நானே ஒரு கதை வைத்திருந்தேன்.

விடை கிரீனிச்சில் இருந்தது. வானிலையை அளப்பவர்கள் உலகம் முழுவதும் ஒரே கணத்தில் அளந்தால்தான் அந்த எண்களைச் சேர்த்து ஒரு படம் வரைய முடியும். அதற்காக எல்லாரும் கிரீனிச் கடிகாரத்தை வைத்துக்கொண்டார்கள். அந்தக் கடிகாரத்தில் 3 மணி ஆகும்போது, ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும் நம் கடிகாரத்தில் 8.30.

கதையில் வந்த அந்த மனிதர் இன்று பல இடங்களில் இல்லை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில் 385 வட்டாரங்களில் வட்டாரத்துக்கு ஒன்று வீதம் தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவியிருக்கிறது. கோவை மாவட்டத்துக் காரமடையும் அதில் ஒரு வட்டாரம். மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று என்று நிலையத்தின் கம்பத்தில் இருக்கும் கருவிகள் மணிக்கு ஒருமுறை அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. சுற்றிலும் கறிவேப்பிலைக் காடும் வாழையும் இருக்கும் ஊரில், நடு ராத்திரி 2 மணிக்கு எழுந்து காற்றின் ஈரத்தைப் பார்க்க யாரையும் சம்பளத்துக்கு வைக்க முடியாது. வைத்தாலும் அவர் தூங்கிவிட்டு, காலையில் குத்துமதிப்பாக ஒரு எண்ணை எழுதுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

நேரம் வந்ததும் ஆளில்லாமல் தானே நடக்கும் வேலை கணினிக்குள் எப்படி வந்தது என்பதே இந்த வாரத்துக் கதை. சென்ற வாரம் துளையிட்ட அட்டைகளோடும், அவற்றை இரவெல்லாம் இயந்திரத்துக்கு ஊட்டிய ஆபரேட்டர்களோடும் நிறுத்தினேன். அங்கிருந்து தொடர்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வர வேண்டும்.

குறித்த நேரத்தில் ஒன்றைச் செய்து ஊருக்கு நேரம் சொல்லும் பழக்கம் நம் பக்கம் பழையது. சென்னையில் 1792-இல் அமைந்த வானாய்வுக் கூடத்தின் கடிகாரத்தை வைத்துத்தான், தினமும் இரவு 8 மணிக்கு ஜார்ஜ் கோட்டையில் பீரங்கி வெடித்தது. அந்தச் சென்னை நேரம் பிறகு ரயிலேறியது. 1873-இல் மேட்டுப்பாளையம் வரை வந்த ரயிலும், அது கடந்துபோன காரமடையும், சென்னைக் கடிகாரப்படி நடந்த காலம் உண்டு. இந்திய நேரம் என்று ஒன்று 1906 ஜனவரி 1-இல் வந்த பிறகு, சென்னை தன் முள்ளை ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னால் தள்ளிவைக்க வேண்டியிருந்தது.

கோயம்புத்தூருக்குப் பீரங்கி வேண்டியிருக்கவில்லை, சங்கு இருந்தது. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் நூற்பாலையைத் தொடங்கினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்தது. அதன்பின் மில்கள் பெருகின, ஒவ்வொரு மில்லுக்கும் ஒரு சங்கு. ஷிப்டுக்குக் கூப்பிட ஊதியது மில்லுக்காரர்களுக்கு மட்டும் பயன்படவில்லை. சோறு வடிப்பது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, மாட்டை அவிழ்ப்பது என்று சுற்றுவட்டாரமே அந்தச் சத்தத்தில் நடந்தது. என் அம்மா கடிகாரம் பார்க்கத் தெரிந்தவர்தான். ஆனாலும் சங்கு ஊதிய பிறகுதான் மணியை நம்புவார்.

சங்கைப் பற்றி ஒரு விஷயம் இங்கே சொல்லிவைக்கிறேன், பிறகு தேவைப்படும். ஒருநாள் அது ஊதாவிட்டால் பத்தே நிமிடத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். ஸ்ட்ரைக்கா, சாவா, பாய்லர் கோளாறா என்று தெருவில் பேச்சு வந்துவிடும்.

இனி கணினி. 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐ.பி.எம். 7094 என்ற பெரிய இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் முயற்சி நடந்தது. பெர்னாண்டோ கார்படோ அதன் தலைவர். எத்தனையோ பேருடைய கோப்புகள் ஒரே இடத்தில் இருந்ததால், ஒரு கோளாறு வந்தால் எல்லாருடைய உழைப்பும் போய்விடும். அதனால் யாரும் கேட்காமலே, பின்னணியில் ஓடி, கோப்புகளைக் காந்த நாடாவில் பிரதி எடுத்துவைக்க ஒரு புரோகிராம் எழுதினார்கள். அதற்கு வைத்த பெயர் டீமன். இயற்பியலாளர் மாக்ஸ்வெல் ஒரு சிந்தனைச் சோதனைக்காகக் கற்பனை செய்த, ஓயாமல் மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டிருக்கும் குட்டிப் பூதத்திலிருந்து எடுத்த பெயர் என்று கார்படோ பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பூதம் என்றோ பேய் என்றோ இதை மொழிபெயர்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொங்கு நாட்டில் இதற்குச் சரியான உருவம் ஊர் எல்லையிலேயே நிற்கிறது. கருப்பராயன். ஊர் தூங்கும்போது அவன் தூங்குவதில்லை, ராத்திரி சுற்றி வருகிறான், காலையில் யாரும் பார்த்ததில்லை. நன்றாக நடந்தால் நினைப்பார் இல்லை. காவல் தவறினால்தான் அவன் ஞாபகம் வரும். கணினிக்காரர்களின் டீமனும் அச்சு அசலாக அதேதான். என்ன, கிடாய் வெட்டுவதில்லை.

ஆனால் எம்.ஐ.டி.யின் காவல்காரனுக்கு ஒரே ஒரு வேலைதான். எந்த வேலையையும், எந்த நேரத்துக்கும், யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம் என்ற நிலை வரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1979 ஜனவரியில் பெல் ஆய்வுக்கூடம் யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பை வெளியிட்டது. அதில் கிரான் என்று ஒரு சிறு புரோகிராம் இருந்தது. எழுதியவர் கென் தாம்சன், பெயர் காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து. அதன் மூளை மிகவும் எளிமையானது. ஒரு கோப்பில் வேலைகளும் நேரங்களும் வரிவரியாக எழுதியிருக்கும். கிரான் நிமிடத்துக்கு ஒருமுறை கண் விழிக்கும். கோப்பைப் பார்க்கும். இந்த நிமிடத்துக்கு உரிய வேலை ஏதாவது உண்டா? உண்டென்றால் ஓடவிடும். மறுபடி தூங்கிப்போகும். ஒரு நாளைக்கு 1,440 தடவை விழிப்பு, பெரும்பாலும் வெறுங்கையோடு தூக்கம்.

அந்தக் கோப்பின் ஒரு வரி எப்படி இருக்கும் என்று காட்டிவிடுகிறேன். தினமும் அதிகாலை 2 மணிக்கு ஒரு வேலை நடக்க வேண்டும் என்றால், வேலையின் பெயருக்கு முன்னால் இப்படி எழுதுவார்கள்:

0 2 * * *

ஐந்து கட்டங்கள். முதலாவது நிமிடம், அடுத்தது மணி, அதற்கடுத்து தேதி, பிறகு மாதம், கடைசியில் கிழமை. நட்சத்திரக் குறி போட்டால் எதுவானாலும் சரி என்று பொருள். எந்தத் தேதியானாலும், எந்த மாதமானாலும், எந்தக் கிழமையானாலும் இரண்டு மணி பூச்சியம் நிமிடத்துக்கு ஓடு. கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகளாக உலகத்தின் பெரும்பகுதி இரவு வேலைகள் இந்த ஐந்து கட்டங்களை நம்பித்தான் நடக்கின்றன. இதைப் போன்று இவ்வளவு குறைந்த மாற்றத்தோடு நீடித்த எழுத்துமுறை கணினி உலகில் அதிகம் கிடையாது.

முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நமக்கும் ஐந்துதான். வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்ற ஐந்து அங்கம் இருப்பதால்தானே அது பஞ்சாங்கம். தாம்சனின் ஐந்துக்கும் நம் ஐந்துக்கும் பொதுவானது கிழமை ஒன்றுதான். மற்ற நான்கையும் நாம் வானத்தைப் பார்த்துக் குறித்தோம், அவர் கடிகாரத்தையும் காலண்டரையும் பார்த்துக் குறித்தார். நட்சத்திரம் இரண்டிலும் இருக்கிறது. பஞ்சாங்கத்தில் நட்சத்திரம் இருந்தால் இந்த நாள்தான், வேறு நாள் ஆகாது என்று பொருள். கிரானில் இருந்தால் எந்த நாளும் ஆகும்.

காரமடை அரங்கநாதர் தேரை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி மகத்தில் தேரோட்டம். மாசி மாதமும் இருக்க வேண்டும், மக நட்சத்திரமும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வடம் பிடிப்பார்கள். மக நட்சத்திரம் மாதாமாதம் வருகிறது என்பதற்காக ஆடியில் யாரும் தேரிழுப்பதில்லை, மாசி முழுக்கத் தினமும் இழுப்பதுமில்லை. இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், கடலைப்பொரி விற்பவருக்கும் தெரியும்.

கிரானுக்குத் தெரியாது. இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கும் கிரானில், தேதிக் கட்டத்தில் 13 என்றும் கிழமைக் கட்டத்தில் வெள்ளி என்றும் போட்டால், 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக வரும் நாளுக்குக் காத்திருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது வேறு. ஒவ்வொரு 13-ஆம் தேதியும் ஓடும், ஒவ்வொரு வெள்ளியும் ஓடும். மற்றக் கட்டங்களில் எல்லாம் 'உம்' போட்டுப் படிக்கும் கிரான், தேதிக்கும் கிழமைக்கும் நடுவில் மட்டும் 'அல்லது' போட்டுப் படிக்கிறது. அதன் கையில் காரமடைத் தேரைக் கொடுத்திருந்தால், வடம் பிடிக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டே ஊரை ஓய்த்திருக்கும். இது பிழையா, வசதிக்காகச் செய்ததா என்று விவாதிக்கிறவர்கள் உண்டு. நான் பிழை என்பேன். கையேட்டில் எழுதிவைத்துவிட்டால் மட்டும் பிழை விதியாகிவிடாது.

கிழமை எண்ணிலும் குழப்பம். ஏழாம் பதிப்பில் திங்கள் 1, ஞாயிறு 7. பின்னால் வந்த யுனிக்ஸ் வகைகளில் ஞாயிறு 0, சனி 6. இன்று இருக்கும் கிரான் 0 என்றாலும் 7 என்றாலும் ஞாயிறு என்றே எடுத்துக்கொள்கிறது. இரண்டு மாமியாருக்கும் நல்ல பிள்ளை.

ஏழாம் பதிப்பின் கிரானில் ஒரு பெரிய குறை இருந்தது. கோப்பு ஒன்றே ஒன்று, அதுவும் கணினியை நிர்வகிப்பவர் கையில். ஒரு பல்கலைக்கழகக் கணினியில் நூறு பேருக்குக் கணக்கு இருந்தால் ஒவ்வொருவரும் தன் வேலைக்கு நேரம் வைக்க நிர்வாகியிடம் போய் நிற்க வேண்டும். சரி, ஆளுக்கொரு கோப்பு கொடுத்துவிடலாம் என்றால், நிமிடத்துக்கு ஒருமுறை நூறு கோப்புகளையும் திறந்து பார்த்தே அந்தக் காலத்து வாக்ஸ் கணினி களைத்துப்போகும். பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1979 வாக்கில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ராபர்ட் பிரவுன் என்பவர் ஃபிரான்டா, மாலி என்ற இருவர் 1977-இல் எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்தார். அது கிரானைப் பற்றியதே அல்ல. அடுத்தடுத்து நடக்கப்போகும் நிகழ்வுகளை நேர வரிசையில் அடுக்கிவைக்கும் முறை பற்றியது. இரண்டும் ஒன்றுதானே என்று அவருக்குப் பொறி தட்டியது.

இந்த முறையை விளக்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் கூட்டுக்கிணறுதான். நாலு பங்காளிக்கு ஒரு கிணறு, முறை வைத்துத் தண்ணீர். எந்தப் பங்காளியும் நிமிடத்துக்கு ஒருமுறை கிணற்று மேட்டுக்கு ஓடி என் முறை வந்துவிட்டதா என்று கேட்பதில்லை. அடுத்த முறை யாருக்கு, எப்போது என்று தெரியும். அதுவரை போய்த் தூங்கலாம். தன் முறை முடிந்ததும் வரிசையின் கடைசிக்குப் போகிறார். பர்டியூவின் கிரானும் இப்படியே. எல்லார் கோப்பையும் முதலில் ஒருமுறை படித்து, ஒவ்வொரு வேலைக்கும் அடுத்த நேரம் எது என்று கணக்கிட்டு, வரிசையில் அடுக்கும். வரிசையின் தலையில் இருப்பதற்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று பார்த்து அதுவரை ஒரே தூக்கம். எழுந்து அந்த வேலையை ஓடவிட்டு, அதன் அடுத்த நேரத்தைக் கணக்கிட்டு, வரிசையில் உரிய இடத்தில் செருகும்.

காரமடைக்கு வடக்கே கறிவேப்பிலை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப கம்ப்யூட்டருக்குள்ளயும் முறை இருக்குதுங்களா தம்பி?"

"இருக்குதுங்க பெரியப்பா. ஒரு மிஷினுக்கு நூறு பங்காளி."

"நூறு பங்காளியா? அப்ப பஞ்சாயத்தும் இருக்கோணுமே."

இருக்கிறது. நூறு பேரும் தங்கள் வேலைக்கு நள்ளிரவு 12 மணியையே குறிப்பார்கள், 12 அடித்ததும் கணினி திணறும். அனுபவப்பட்ட நிர்வாகிகள் 12.07, 12.23 என்று வாய்க்கு வந்த நிமிடங்களைப் போடுவது இதனால்தான்.

இன்று பலரும் பயன்படுத்தும் கிரான் பால் விக்சி என்பவர் 1987-இல் எழுதி வெளியிட்டதன் வாரிசு. அதன் மூன்றாம் பதிப்பு 1993-இன் கடைசியில் வந்தது, லினக்ஸ் வளர்ந்த காலத்தில் அதுவே எங்கும் பரவியது. விக்சி கொடுத்த வசதிகளில் ஒன்று, இத்தனைக்கு ஒன்று என்று எழுதுவது. நிமிடக் கட்டத்தில் */5 என்று போட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. இதை நம்பித் தேதிக் கட்டத்தில் */2 போட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் நடக்கும் என்று எண்ணத் தோன்றும். நடக்கும், மாதக் கடைசி வரை. கிரான் எண்ணுவது 1, 3, 5 என்று ஒற்றைப்படைத் தேதிகளை. 31-ஆம் தேதி ஓடிவிட்டு மறுநாள் 1-ஆம் தேதியும் ஓடும்.

கீழ்பவானிப் பாசனக்காரர்கள் இந்த வலையில் விழவில்லை என்பதை இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டைப் பாதியாகப் பிரித்து, ஒரு பருவத்துக்கு ஒற்றைப்படை மதகுகளுக்கும், மறு பருவத்துக்கு இரட்டைப்படை மதகுகளுக்கும் என்று முறை வைத்தார்கள். ஒற்றை, இரட்டை என்பது மதகின் எண்ணில்தான், தேதியில் இல்லை. மாதம் 30 நாளா 31 நாளா என்ற கவலையே அதில் வராது.

இனி நேரம் என்பது யாருடைய நேரம் என்ற பழைய தொல்லை. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி வெளியூர் சர்வரை வாடகைக்கு எடுக்கிறது என்று வையுங்கள். அந்த சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் கிரீனிச் நேரத்தில் இருக்கும். கம்பெனிக்காரர் நள்ளிரவு 12 மணிக்கு என்று எழுதிய வேலை நம் ஊரில் விடிகாலை 5.30-க்கு ஓடும். அதுவாவது பரவாயில்லை. அதிகாலை 4 மணி என்று எழுதியது 9.30-க்கு ஓடி, ஆட்கள் வந்து உட்கார்ந்து பில் போடும் நேரத்தில் கணினியை அமுக்கிப் பிடிக்கும். கம்ப்யூட்டர் காலையில் மட்டும் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தால், நான் முதலில் கேட்பது அந்த ஐந்தரை மணி நேரத்தைத்தான். அமெரிக்காவில் இன்னொரு கூத்து. வசந்த காலத்தில் ஒருநாள் கடிகாரம் 2 மணியிலிருந்து நேரே 3-க்குத் தாவும், அன்று இரண்டரை மணி என்பதே கிடையாது. இலையுதிர் காலத்தில் ஒருநாள் ஒன்றரை மணி இரண்டு தடவை வரும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாமும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருந்தோம். பிறகு அந்த வம்பு நமக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

நமக்கு வாய்த்த வம்பு வேறு, மின்வெட்டு.

2012-இல் இந்தப் பக்கம் கரண்டு இல்லாமல் பட்டறைகளும் மில்களும் பட்ட பாடு இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது நான் நூல் வியாபாரம் செய்யும் ஒரு நண்பரின் கணக்குக் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் அதிகாலை 2 மணிக்குக் கணக்கு முழுவதையும் வேறொரு ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுக்க, மேலே காட்டிய அதே வரியை எழுதி வைத்தேன். ஒரு வாரம் பார்த்தேன், ஒழுங்காக நடந்தது. அதன்பின் பார்க்கவில்லை. இரவில் கரண்டு போகும், யூ.பி.எஸ். கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டு அணையும், காலையில் கடைப்பையன் வந்து ஆன் செய்வான். 2 மணிக்குக் கணினியே இல்லை. கணினி இல்லாத நேரத்துக்குக் குறித்த வேலையை, பிறகு விழித்ததும் செய்ய வேண்டும் என்று கிரானுக்குத் தெரியாது. 2 மணி போனால் போனதுதான், அடுத்தது நாளைய 2 மணி. ஹார்டு டிஸ்க் போன அன்று போய்ப் பார்த்தால், கடைசி பேக்கப்புக்கு நாலு மாதம் வயது. நண்பர் என்னைத் திட்டவில்லை. பில் புத்தகத்தை வைத்து நாலு மாதக் கணக்கை மறுபடி ஏற்றும்போது, பக்கத்தில் உட்காரவைத்து என்னையும் ஏற்றச் சொன்னார்.

இதற்கான மருந்து எனக்கு முன்பே பலருக்குத் தெரிந்திருந்தது. அனாக்ரான் என்ற துணைப் புரோகிராம் மணியைப் பார்ப்பதில்லை. இந்த வேலை கடைசியாக நடந்து எத்தனை நாளாயிற்று என்று மட்டும் பார்க்கும். ஒருநாள் கடந்திருந்தால், கணினி எப்போது விழித்தாலும் முதலில் அந்த வேலையை முடிக்கும். மின்வெட்டு ஊருக்கென்றே செய்தது போல இருந்தாலும், பகலில் மட்டும் திறந்து மூடும் கணினிகளை மனத்தில் வைத்து எழுதியதுதான்.

கறிவேப்பிலைப் பெரியவரிடம் இந்த மின்வெட்டுக் கதையையும் சொன்னேன். அவரிடம் இதைவிடப் பெரிய கதை இருந்தது. மூணு பேஸ் கரண்டு ராத்திரியில் வந்த காலத்தில் கிணற்று மேட்டில் கட்டில் போட்டுப் படுத்திருப்பாராம். வயதான பிறகு முடியவில்லை, கரண்டு வந்தால் மோட்டார் தானே ஓடும்படி ஸ்டார்ட்டரில் ஆட்டோ வைத்துவிட்டார். ஒரு சித்திரையில் கிணற்றில் தண்ணீர் இல்லை. கரண்டு வந்தது, மோட்டார் ஓடியது, விடிய விடிய வெறுமனே ஓடிக் காயில் எரிந்துபோனது.

"தொட்டியில தண்ணி விழற சத்தம் நின்னாலே முழிச்சுக்குவனுங்க. அன்னைக்குக் காட்டுல ஆளே இல்லீங்களே."

இந்த விஷயத்தில் நான் படித்த எந்தக் கையேடும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அவருடைய மோட்டார் கடிகாரத்துக்கு ஓடவில்லை, கரண்டு வந்த நிகழ்வுக்கு ஓடியது. கிரான் நேரத்துக்கு ஓடுகிறது. ஆனால் இரண்டிலும் போனது ஒன்றுதான், சத்தம் நின்றால் விழித்துக்கொள்ளும் ஆள். சங்கு ஊதாவிட்டால் ஊருக்கே தெரிந்தது. என் 2 மணி பேக்கப் நாலு மாதம் நடக்காதது யாருக்கும் தெரியவில்லை. விக்சியின் கிரான், ஓடிய வேலை ஏதாவது சொன்னால் அதை மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும். ஓடாத வேலை என்ன சொல்லும்?

இதன் பெரிய அளவு உதாரணம் பிரிட்டனில் ஒரு வங்கியில் நடந்தது. நம் வங்கிகளிலும் இரவில்தான் பெரிய வேலை. அன்றைய கணக்கை மூடி, வட்டி போட்டு, தவணை பிடித்து, மறுநாள் தேதியைத் திறப்பார்கள். ஆயிரக்கணக்கான வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, முன்னது முடிந்தால்தான் பின்னது என்ற வரிசையில் ஓட வேண்டும். இதற்குக் கிரான் போதாது, பெரிய மேஸ்திரி மென்பொருள்கள் இருக்கின்றன. ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமம் 2012 ஜூன் 17, ஞாயிற்றுக்கிழமை அந்த மேஸ்திரியைப் புதுப்பித்தது. கோளாறு தெரிந்ததும் புதியதை நீக்கிவிட்டுப் பழையதற்குத் திரும்பினார்கள். நீக்கினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்கவில்லை. இரவு வேலைகளின் வரிசை குலைந்தது. சம்பளம் ஏறவில்லை, தவணை போகவில்லை, இருப்பு தப்பாகக் காட்டியது. 65 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். அந்தக் குழுமத்தின் அல்ஸ்டர் வங்கியில் தொல்லை ஜூலை வரை நீண்டது. 2014 நவம்பரில் இரண்டு கண்காணிப்பு அமைப்புகள் சேர்ந்து விதித்த அபராதம் 5 கோடியே 60 லட்சம் பவுண்டு. பணம் எங்கும் திருடுபோகவில்லை. நடக்க வேண்டியது நேரத்துக்கு நடக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டில் இந்த முறைவைப்பைச் சாதாரண மக்கள் நேரில் பார்த்தது நெப்ட் பணப் பரிமாற்றத்தில். ரிசர்வ் வங்கி அதை 2005 நவம்பரில் தொடங்கியது. பணத்தை உடனுக்குடன் அனுப்புவதில்லை. குறித்த நேரம் வரை வந்த கோரிக்கைகளை ஒரு கட்டாகக் கட்டி அனுப்பும். முதலில் வங்கி நாள்களில், பகலில் மட்டும். சனிக்கிழமை மாலை மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் கொடுத்த கணக்கு திங்கட்கிழமைதான் ஏறும் என்று காத்திருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். 2017 ஜூலையில் கட்டு அரை மணிக்கு ஒன்றானது. 2019 டிசம்பர் 16-இலிருந்து இரவு, பகல், ஞாயிறு, பண்டிகை எதுவும் பாராமல் ஒரு நாளைக்கு 48 கட்டுகள். அன்றிலிருந்து அந்தக் கடிகாரத்துக்கு விடுமுறையே கிடையாது.

காரமடையில் இன்று சங்குக்காக யாரும் காதைத் தீட்டி வைப்பதில்லை. சங்கு செய்த வேலைகளைப் போல ஆயிரம் மடங்கு வேலைகள் நம் தலைக்கு மேலே, சத்தமில்லாமல், ராத்திரியும் பகலும் நடக்கின்றன. வானிலைக் கம்பம் மணிக்கு ஒருமுறை அளக்கிறது, கடன் தவணை ஐந்தாம் தேதி தானே பிடிக்கப்படுகிறது, ரயில்வேயின் தட்கல் காலை 10 மணிக்குக் குளிர்சாதனப் பெட்டிக்கும் 11 மணிக்கு மற்றதற்கும் திறக்கிறது.

அடுத்த வாரம், ஒரே கணினியில் ஓடிய இந்த முறைவைப்பு ஆயிரம் கணினிகளுக்குப் பரவியபோது வந்த சிக்கலைப் பார்ப்போம். அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கடையிலோ ஆபீஸிலோ பேக்கப் தானாக எடுக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால், நாளைக் காலை அந்த ஹார்டு டிஸ்க்கைத் திறந்து, கடைசிக் கோப்பின் தேதி என்ன என்று ஒருமுறை பாருங்கள்.

(தொடரும்)